டிரிப்பருக்குக் குறுக்கே நைனா போட்ட ஜம்ப்

என் செல்ல நைனாவுக்கு, என் தீராத தலைவலிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். போன இடத்திலும் நீ யாருடைய சுவிட்ச் பெட்டியையாவது திறந்து வைத்துக்கொண்டு, டெஸ்டரைப் பல்லில் கடித்தபடி நின்றுகொண்டிருப்பாய். அங்கே இருக்கிறவர்கள் பாடு அவர்களோடு. இங்கே எங்கள் பாட்டைக் கேள்.

போன வாரம் நம்ம கள்ளிக்குப்பம் வீட்டில் ஒரு பெண் செத்துப் பிழைத்தாள். அம்மா இல்லை, பதறாதே. மாடியில் குடியிருக்கிற செல்வி. உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவள். தென்காசிப் பக்கம். கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புருஷன் முருகேஷ் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். காலையில் மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பக்கெட்டோடு கீழே வந்தவள், நம் பின்பக்கக் குழாயைத் திருகியிருக்கிறாள். விடாத மழை, தரையெல்லாம் ஈரம். ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டதில் துவைக்கிற கல்லில் நெற்றி மோதி ரத்தம் கொட்டக் கிடந்தாளாம்.

அம்மா போன் பண்ணியதும் முகப்பேரில் என் வீட்டிலிருந்து நான் விழுந்தடித்துக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் நெற்றியில் தையல் போட்டிருந்தார்கள். வலது கை மரத்துப்போய், அதை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நம்ம அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தபடி என்ன சொல்கிறாள் தெரியுமா? "செருப்பு போட்டுகினு தொட வேணாமா கண்ணு?"

அந்தப் பெண் பாவம், தப்பு தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டாள். "செருப்ப வாசல்லயே விட்டுட்டு வந்தேன்க்கா. வீட்டுக்கார அம்மா பொழங்குத எடம். செருப்புக் காலோட வரலாமா?" என்று என்னிடம் கேட்டாள். மரியாதைக்குச் செருப்பைக் கழற்றியவளுக்கு நம் வீட்டில் கிடைத்த வரவேற்பு அது. முருகேஷ் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மழைக்காலத்தில் அந்தக் குழாயைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். அதற்கு நம் வீட்டு வைத்தியம் வயரைச் சரிபார்ப்பது இல்லை, செருப்பு போட்டுக்கொள்வது. பின்கதவுக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு ரப்பர் செருப்பு கிடக்கும். குழாயைத் திறக்கத் தனிச் செருப்பு வைத்திருக்கிற வீடு ஊரில் வேறெங்காவது உண்டா நைனா? கல்யாணமாகிப் போன புதிதில், மழை பெய்தால் நான் என் மாமியார் வீட்டுச் சமையலறையில் செருப்பைத் தேடியிருக்கிறேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு டில்லி மாமாவைக் கூப்பிட்டேன். உன்னோடு கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் மெயின்டனன்ஸில் இருந்தவர், உனக்கு அடுத்து இந்தத் தெருவுக்கு எலக்ட்ரீஷியன் அவர்தான். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். உள்ளே டிரிப்பரின் மேல் முனையிலிருந்து கீழ் முனைக்குச் சிவப்பில் ஒரு வயர்த் துண்டு, கறுப்பில் ஒரு வயர்த் துண்டு, நறுவிசாக வளைத்து முறுக்கி வைத்திருந்தது.

"உங்க நைனா ஜம்ப் போட்டு வெச்சுகீறாரு பாரு. இன்னா நீட்டா போட்டுகீறாரு!"

பெருமையாம். டிரிப்பர் எதற்கு நைனா இருக்கிறது? எங்காவது கரண்ட் கசிந்தால், ஆளைத் தூக்கி அடிப்பதற்கு முன்னால் தானே விழுந்து கரண்டை வெட்டத்தானே? நீ அதற்குக் குறுக்கே தனி வழி போட்டு, அதைச் சும்மா உட்கார வைத்துவிட்டாய். பார்க்கிறவர்களுக்கு வீட்டில் டிரிப்பர் இருக்கிறது. கரண்டுக்கு அது இருப்பதே தெரியாது.

ஜம்ப்! அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இங்கிலீஷ்காரன் அதைத் தாண்டுவதற்கும் குதிப்பதற்கும் வைத்திருந்தான். நீ அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வாழ்க்கையையே ஓட்டினாய். எவனாவது கம்பெனி மாறினால் "ஜம்ப் அட்சிட்டான்". கட்சி மாறினாலும் அதே. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாமல் இருந்தால், அம்மாவிடம் வந்து, "அவுங்க ஜம்ப் ஆயிட்டாங்க, உடு" என்பாய். எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாயா? சிடி தேய்ந்து பாட்டு திக்கினால், "ஜம்ப் ஆவுது" என்று லுங்கியால் துடைத்துப் போடுவாய். பக்கத்து வீட்டு வேன் பேட்டரி செத்துப்போனால் நடுரோட்டில் இரண்டு வண்டியை மூக்கோடு மூக்கு நிறுத்தி, வயர் மாட்டி, அதுவும் ஜம்ப். தீபாவளிக்குப் பழம் விலை ஏறினாலும் ஜம்ப். ஞாயிற்றுக்கிழமை குளிக்காவிட்டாலும் ஜம்ப்.

வண்டியில் போகும்போது ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் சிக்னலில் சிவப்பு விழுந்தால் மற்றவர்கள் பிரேக்கைத் தேடுவார்கள். நீ என் தலையைத் தட்டி, "கெட்டியா புட்ச்சுக்கோ, ஜம்ப்" என்பாய். எல்கேஜி முடித்த என்னை நேராக ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தாயே, அது எதற்கு? "யுகேஜி இன்னாத்துக்கு? அதையேதான் ஒண்ணாவதுலயும் சொல்லித் தரப் போறாங்கோ. ஜம்ப் பண்ணிக்கலாம்." பிளஸ் டூ வரைக்கும் வகுப்பிலேயே குள்ளச்சி நான்தான். வரிசையில் எப்போதும் முதல் ஆளாக நின்றே பள்ளிக்கூடம் முடிந்தது.

இதில் வேடிக்கை என்ன என்றால், நீ நிஜமாக எதையும் தாண்டி நான் பார்த்ததே இல்லை. நம் தெருவில் மழைத் தண்ணீர் தேங்கினால் சின்னப் பிள்ளைகள்கூடத் தாண்டிப் போவார்கள். நீ பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய்ச் சுற்றிக்கொண்டு வருவாய். கேட்டால் முட்டி வலி என்பாய்.

கம்பெனியில் கற்றுக்கொண்டு வந்த பழக்கம்தானே இது? பிரஸ் மெஷினில் கதவு சரியாக மூடாவிட்டால் மெஷின் நின்றுவிடும், கை உள்ளே போகக்கூடாது என்று. ஆனால் வேலை நிற்கக்கூடாது. "ஜம்ப் போட்டு ஓட்டு" என்பார் சூப்பர்வைசர். அப்படி யாரோ போட்ட ஒரு ஜம்ப்பில் டில்லி மாமாவின் இரண்டு விரல் பாதியில் நின்றுபோனது. அதைப் பார்த்துவிட்டு வந்த நீ நம் வீட்டிலேயே அதே வேலையைச் செய்திருக்கிறாய். எப்படி மனசு வந்தது உனக்கு?

அப்புறம் அந்த மாத்திரை. பிரஷர் மாத்திரையைத் தினமும் போட வேண்டும் என்று டாக்டர் உன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன். உடம்பு லேசாக இருக்கிற நாளெல்லாம், "இன்னிக்கு ஜம்ப்" என்று டப்பாவை மூடி வைத்தாய். பால் வாங்கப் போனவன் பால் பாக்கெட்டோடு தெருமுனையில் சாய்ந்தாய். அதற்குத்தான் நைனா எனக்குக் கோபம். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருகிற கோபம்.

சரி, கதைக்கு வருகிறேன். "மாமா, அந்த ரெண்டு வயரையும் இப்பவே கழட்டுங்க" என்றேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"அத்த தொடாத. அவரு கையால போட்டது."

"அம்மா, அந்தப் பொண்ணு செத்திருப்பா."

"செருப்பு போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அவரு இருந்த வரைக்கும் இந்த ஊட்ல யாருக்காச்சும் இன்னாவாச்சும் ஆச்சா?"

நீ அவளுக்குச் சொல்லிக்கொடுத்து வைத்த நியாயம் அது. மாடியில் அவர்கள் கட்டில் இழுபடுகிற சத்தம் கேட்டது. முருகேஷ் வேறு வீடு பார்க்கிறான் என்று அம்மாவே சொன்னாள். அவர்கள் போனால் இன்னொருவர் வருவார்கள், அவர்களுக்கும் யாராவது செருப்புக் கதை சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக் குழந்தை அந்தக் குழாயைத் தொட்டுவிட்டால்? இதையெல்லாம் அம்மாவிடம் கத்தித்தான் சொன்னேன், மன்னிக்கச் சொல்லிக் கேட்கப் போவதில்லை. அம்மா வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு உள்ளே போனாள். டில்லி மாமா வயர்களைக் கழற்றினார்.

கழற்றி மெயினைப் போட்டதும் டிரிப்பர் 'டக்' என்று விழுந்தது. மறுபடி தூக்கிவிட்டார், மறுபடி விழுந்தது. "எங்கியோ நல்லா கசியுது. ஊடு மொத்தமும் ஒரே லைன்ல இழுத்துகீறாரு, எங்கன்னு தேடுறது? சுவத்த உடைக்கணும்" என்றார். பிறகு பாதி விரலால் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார் பார், "அதுவரைக்கும் டெம்பரவரியா ஒரு ஜம்ப் போட்டு வெக்கட்டா?"

அந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படி மாமா கேட்கிறீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. வேண்டாம், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் விளக்கு இல்லை, ஃபேன் இல்லை, மோட்டார் இல்லை. வெளியே கொட்டுகிறது. எதிர் வீட்டு டிவியில் செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் ஏறுவதைச் சொல்வது நம் ஹால் வரை கேட்கிறது. அம்மா மெழுகுவத்திக்கு முன்னால் உட்கார்ந்து கொசுவை அடித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி இருட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியவில்லை. மாடியில் நெற்றித் தையலோடு அந்தப் பெண்ணும் இருட்டில் படுத்திருக்கிறாள், முகம் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை.

நான் எழுந்து உன் ஸ்டூலை எடுத்துப் போட்டேன் நைனா. பலகையைத் திறந்தேன். மாமா கழற்றிப் போட்ட அந்தச் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் ஜன்னல் திண்டிலேயே இருந்தன. எனக்குத் தெரியாத வேலையா? நான் ஒன்பதாவது படிக்கும்போதே என் கையில் டெஸ்டரைக் கொடுத்தவன்தானே நீ. மெயினை இறக்கிவிட்டு, மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை. இரண்டு நிமிஷ வேலை. ஒரு நாளைக்குத்தானே, நாளைக்குக் கழற்றிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய், இல்லையா? ஒரு மழை நாளில், அம்மா இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள், நான் பரீட்சைக்குப் படிக்க வேண்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று.

இத்தனை வருஷமும் உன்னைச் சோம்பேறி என்றே நினைத்திருந்தேன். இல்லை. யாராவது காத்துக்கொண்டிருப்பதை உன்னால் பார்க்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். மெஷின் முன்னால் நிற்கிறவன், இருட்டில் நிற்கிறவன், சிக்னலில் நிற்கிறவன், யாரையும் நிற்க வைக்க உனக்குப் பொறுக்காது. அது நல்ல மனசுதான். அந்த நல்ல மனசுதான் ஒருத்தியின் நெற்றியைப் பிளந்தது. இதை நான் என்ன சொல்லித் திட்டுவது?

வயர் கையில் இருந்தது. அப்போது பின்கதவுப் பக்கம் சத்தம் கேட்டுத் திரும்பினேன். செல்வி. நாங்கள் டிரம்மில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரை எடுக்கக் குடத்தோடு வந்திருந்தாள். டிரம்முக்கு மேலேதான் அந்தக் குழாய். வீட்டில் கரண்டே இல்லை, தொட்டால் ஒன்றும் ஆகாது, அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் தன் காலைப் பார்த்தாள். செருப்பு போட்டிருந்தாள். போட்டிருக்கிறோமா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் தண்ணீரில் குடத்தை முக்கினாள்.

நம் வீட்டுப் பழக்கம் அவளுக்கும் வந்துவிட்டது. ஸ்டூலை விட்டு இறங்கிவிட்டேன். "குடத்தக் குடும்மா, நான் தூக்கிட்டு வரேன்" என்று வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன். முருகேஷிடம், "ரெண்டு நாள் பொறுத்துக்கோ தம்பி, சரிபண்ணித்தான் தருவேன், இதுக்கு முந்தி மாதிரி இல்ல" என்றேன். அவன் குடத்தை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

மறுநாள் காலை டில்லி மாமா சம்மட்டியும் உளியுமாக வந்தார். ஹால் சுவரில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை சாக்பீஸால் கோடு போட்டார். அம்மா காபியை வைத்துவிட்டு நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்.

"சுவரு பூரா இன்னாத்துக்கு உடைக்கிற டில்லி? அந்த கடியாரத்த எறக்கிட்டு ஆணிகிட்ட பாரேன். அத்த அட்ச்ச நாள்லர்ந்துதான் பின்னாடி கொயா சுர்ருங்குது."

நைனா, நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கடிகாரம் என்ன கடிகாரம் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கம்பெனியில் பாதுகாப்பு வாரத்துக்கு வாசகம் எழுதிப் பரிசு வாங்கினாயே, அது. நடுவில் மஞ்சள் ஹெல்மெட் படம், கீழே 'பாதுகாப்பே முதல் கடமை' என்று பெரிய எழுத்து. வாசலில் நுழைகிறவர்கள் எல்லாரும் பார்க்க வேண்டும் என்று சுவரின் நட்டநடுவில் அளந்து அடித்தாய். டில்லி மாமா அதை இறக்கிவிட்டுக் கொத்திப் பார்த்தால், அந்த ஆணி சுவருக்குள் ஓடும் வயரைக் குத்திக்கொண்டு நின்றிருக்கிறது. மழையில் சுவர் ஈரமானதும் பின்பக்கக் குழாய் வரை கரண்ட் போயிருக்கிறது.

"ஏம்மா, இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"அவருகிட்ட அப்பவே சொன்னேன். கடியாரத்த எறக்க மனசில்ல அவருக்கு. ஒரே ஒரு பரிசு வாங்குனாரு, அத்த எறக்குன்னு எப்டி சொல்றது? செருப்பு போட்டுக்கோன்னாரு, போட்டுகினேன்."

அதாவது, கடிகாரத்தை ஒரு ஜாண் தள்ளி மாட்ட வேண்டிய வேலை. அதைச் செய்யாமல் நீ டிரிப்பருக்கு ஜம்ப் போட்டாய், அம்மா வாழ்நாள் முழுக்கச் செருப்பு போட்டாள். உங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்த புரோகிதரைத்தான் நான் தேட வேண்டும். டில்லி மாமா சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தது, அதோடு அழுகையும் வந்தது, அதை யாரும் பார்க்கவில்லை.

உள்ளங்கை அளவுக்குத்தான் சுவரை உடைத்தார் மாமா. புது வயர் இழுத்து, தனித்தனி லைனாகப் பிரித்துப் பூசியாகிவிட்டது. டிரிப்பர் விழாமல் நின்றது. டில்லி மாமா டெஸ்ட் பட்டனை அமுக்கிக் காட்டினார், விழுந்தது, தூக்கிவிட்டார், நின்றது. அம்மா அந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட மறுத்துவிட்டாள், அவளோடு இனி சண்டை போட எனக்குத் தெம்பில்லை. செல்வி வெறுங்காலோடு வந்து குழாயைத் திறக்க இன்னும் பயப்படுகிறாள். நான்தான் முதலில் வெறுங்காலோடு நின்று திறந்து காட்டினேன். வேறு வீடு பார்ப்பதை நிறுத்திவிட்டார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கிளம்பும்போது டில்லி மாமா வாசலில் நின்று சொல்கிறார், "உங்க ஊடு ஆச்சு. மழ காலத்துல டிரிப்பர் வியுதுன்னு கூப்ட்டவங்க ஊட்டுக்கெல்லாம் உங்க நைனாதான் போட்டு குட்தாரு. தெருவுல பாதி ஊட்ல கீது."

பாதி வீட்டில், நைனா! ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்திருப்பாய். இத்தனை பேரும் உன் போட்டோவுக்கு மாலை போட வந்து, "தங்கமான மனுசன், கூப்ட்ட குரலுக்கு ஓடி வருவாரு" என்று அழுதுவிட்டுப் போனவர்கள். அவர்கள் வீட்டுக் குழாயெல்லாம் எந்த மழைக்குக் காத்திருக்கிறதோ?

நேற்று பக்கத்து வீட்டு விஜயா அக்கா வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். டில்லி மாமா பின்னால் நின்றார். அக்கா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "நல்லாத்தான கீது? டிரிப்பர் வியறதே இல்ல. எதுக்கு இப்ப அத்த நோண்டிகினு?" என்றாள். செல்வியின் நெற்றியைப் பற்றிச் சொன்னேன். அப்போதும் அவளுக்கு மனசு வரவில்லை.

"உங்க நைனா போட்டதும்மா. அவரு ஞாபகமா ஒண்ணு இருக்கட்டுமே. நீ யாரு அத்த கயட்ட?"

"அவரு பொண்ணுக்கா. போட்டவரு இனிமே வர மாட்டாரு. நான்தான் வந்து கழட்டணும்."

நீ வர மாட்டாய் என்று இதுவரை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. விஜயா அக்கா கதவை முழுசாகத் திறந்து, உள்ளே போய், ஸ்டூலை எடுத்து வந்து போட்டாள்.

ஒரு வீட்டையும் விட மாட்டேன் நைனா. எல்லா வீட்டுக்கும் நானே போவேன், திட்டினாலும் நிற்பேன், நீ போட்டதையெல்லாம் என் கையாலேயே கழற்றுவேன்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத,
நீ பெற்ற மூத்த பொண்ணு
தேவி